தாய்மாரிடம் கற்ற வைத்தியர்



நாம் வாழும் இலண்டன் மாநகரின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிற் பயிற்சி பெற்றவர் வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். 1893 ஆம் ஆண்டு யமேக்காத் தீவிற் பிறந்த இவர், 1929 இல் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டிற்குப் பணியாற்றச் சென்றார். அந்நாடே இன்றைய கானா.

அங்கே சிறு குழந்தைகள் கைகால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி மடிவதைக் கண்டு கலங்கினார். கற்ற நூல்கள் விடை தரவில்லை. எனவே அந்நாட்டுப் பெண்களையே வினவினார். அவர்கள் தமது கா மொழியில் அந்நோயைக் குவாசியோக்கர் என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பாலை இழந்து, சோளக்கூழையே உண்டு வளர்ந்த குழந்தைக்கு நேர்ந்த போசாக்கின்மையே அது என அம்மையார் உணர்ந்து, 1933 இல் எழுதினார். அது வேறு நோய் என அறிஞர் சிலர் மறுத்தனர். அவர் தளரவில்லை, 1935 இல் அப்பெயரையே இலண்டன் மருத்துவ ஏட்டில் இடம்பெறச் செய்தார்.

பின்னர் சிங்கப்பூரில் யப்பானியரின் சிறையில் வாடி மீண்ட அவர், 1948 இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992 இல் மறைந்தார்.

ஆபிரிக்கத் தாய்மாரின் சொல் இன்று உலக மருத்துவ நூல்களில் நிலைத்துள்ளது. உங்கள் அன்னையர் தமிழிற் கூறுவதையும் செவிமடுத்துக் கேளுங்கள். அதிலும் அறிவு உண்டு.