ஞாபக சக்திக்கு ஒரு மருந்து

பரீட்சைக் காலம் நெருங்கினால் போதும், ஞாபக சக்தியை வளர்க்கும் பாணிகளும் மாத்திரைகளும் நம் வீடுகளுக்குள் வந்துவிடும். வல்லாரைச் சம்பலும் வழமையைவிட அடிக்கடி சோற்றோடு சேரும். வல்லாரையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதே மருந்துத் தேட்டம் ஆயிரம் வருடங்களுக்கு முன்பும் இருந்தது என்றும், அது பற்றி இமாம் புஹாரி (ரஹ்) அவர்களிடமே ஒருவர் கேட்டார் என்றும் அறிந்தபோதுதான் அவர்களின் வரலாற்றை முழுமையாக வாசிக்கும் ஆசை எனக்கு வந்தது.

முஹம்மத் இப்னு இஸ்மாயீல் என்பது அவர்களின் பெயர். ஹிஜ்ரி 194 ஷவ்வால் மாதம் (கி.பி. 810) இன்றைய உஸ்பெகிஸ்தானிலுள்ள புஹாரா நகரில் பிறந்தார்கள். தந்தையாரும் ஹதீஸ் கற்றவர். மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே வபாத்தாகிவிட்டார். வளர்த்தெடுத்தவர் தாயார். பார்வை இழந்த பிள்ளைக்காக அந்தத் தாய் அழுதழுது துஆக் கேட்டதையும், கனவில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களைக் கண்டு நற்செய்தி பெற்றதையும், விடிந்தபோது பிள்ளைக்குப் பார்வை திரும்பியிருந்ததையும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பேசுவோர் பலர் இந்த இடத்தைச் சொல்லிவிட்டு, நேராக ஆறு இலட்சம் ஹதீஸ்களுக்குத் தாவிவிடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கோ, அது வானத்திலிருந்து இறங்கிய ஆற்றல், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றிவிடுகிறது. இடையில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

பத்து வயதளவில் ஹதீஸ்களை மனனமிடத் தொடங்கினார்கள். பதினொரு வயதில் ஒரு நாள், தாகிலீ என்ற ஆசிரியர் பாடம் நடத்தும்போது, அபூ ஸுபைர் என்பவர் இப்ராஹீம் என்பவரிடமிருந்து அறிவித்ததாக ஒரு தொடரை வாசித்தார். அபூ ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து அறிவித்ததில்லையே என்றார் சிறுவர் புஹாரி. ஆசிரியர் அதட்டினார். மூலப்பிரதி இருந்தால் பார்த்துவிடுங்கள் என்று சிறுவர் பணிவாகச் சொல்ல, அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியானால் அது யார் என்று கேட்டார். ஸுபைர் இப்னு அதீ என்று பதில் வந்தது. ஆசிரியர் பேனையை வாங்கித் தம் பிரதியைத் திருத்திக்கொண்டார். கேட்டதைக் கேட்டபடி ஒப்புவிக்கும் பிள்ளை இந்தப் பிழையைப் பிடித்திருக்க முடியாது. எவர் எவரிடம் கற்றார் என்ற விளக்கம் அந்தச் சிறுவரின் உள்ளத்தில் ஒழுங்காக இருந்தது. பொருந்தாத பெயர் அதில் ஒட்டவில்லை. பின்னாளில் அறிவிப்பாளர்களைப் பற்றி எழுதிய பெரும் நூலான அத்தாரீகுல் கபீரில் வரும் பெயர்களில், அநேகமாக ஒவ்வொன்றுக்கும் தம்மிடம் ஒரு சம்பவம் இருப்பதாகவும், நூல் நீண்டுவிடும் என்றே அவற்றை எழுதாமல் விட்டதாகவும் இமாமவர்கள் கூறியிருக்கிறார்கள். வெறும் பெயர் மறந்துபோகும். சம்பவத்தோடு வந்த பெயர் தங்கிவிடும்.

பதினாறு வயதில் தாயாருடனும் சகோதரர் அஹ்மதுடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். கடமை முடிந்ததும் தாயும் சகோதரரும் ஊர் திரும்ப, இவர்கள் மட்டும் கல்விக்காகத் தங்கிவிட்டார்கள். அழுது மீட்ட கண்களையுடைய பிள்ளையை அவ்வளவு தொலைவில் விட்டுவிட்டுத் திரும்பிய அந்தத் தாயைப் பற்றி நூல்கள் அதிகம் பேசவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. பதினெட்டு வயதில் மதீனாவில், நபி (ஸல்) அவர்களின் கப்றுக்கருகே, நிலவொளி இரவுகளில் அத்தாரீகுல் கபீரை எழுதினார்கள்.

பஸராவில் சக மாணவர்கள் எல்லாரும் குறிப்பெடுக்க, இவர்கள் எழுதாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதினாறு நாட்கள் பார்த்த தோழர்கள், நேரத்தை வீணாக்குவதாகக் குறை கூறினார்கள். அவர்கள் எழுதியவற்றை எடுத்துவரச் சொல்லி, பதினையாயிரத்துக்கு மேற்பட்ட ஹதீஸ்களை மனனமாகவே ஒப்புவித்தார்கள் இமாமவர்கள். தோழர்கள் தங்கள் ஏடுகளை அவர்களின் நினைவைக் கொண்டு திருத்திக்கொண்டார்கள்.

பக்தாத் சோதனை பலரும் அறிந்தது. அறிஞர்கள் நூறு ஹதீஸ்களை எடுத்து, ஒன்றின் அறிவிப்பாளர் தொடரை மற்றொன்றின் வாசகத்தோடு மாற்றிப் பொருத்தி, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்துச் சபையில் கேட்க வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இமாமவர்கள் தமக்குத் தெரியாது என்றே சொன்னார்கள். விவரம் அறியாதோர் அவர்கள் தோற்றுவிட்டதாக நினைத்தார்கள். நூறும் முடிந்த பின் முதலாமவரை அழைத்து, அவர் சொன்ன பிழையான வடிவத்தைச் சொல்லி, பின் சரியானதைச் சொல்லி, இப்படியே பத்துப் பேருக்கும் வரிசை மாறாமல் திருத்தினார்கள். இதைப் பற்றி இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) கூறியது எனக்கு மிகவும் பிடித்தது. சரியானதை அறிந்திருந்ததைவிட, ஒரே தடவை கேட்ட நூறு பிழைகளை வரிசையோடு நினைவில் வைத்திருந்ததுதான் வியப்பு என்கிறார் அவர். கவனம் சிதறும் ஒருவரால் இதைச் செய்ய முடியாது.

அந்தக் கவனத்தின் பின்னாலிருந்த உழைப்பை அவர்களின் எழுத்தர் முஹம்மத் இப்னு அபீ ஹாத்திம் பார்த்திருக்கிறார். பயணங்களில் இருவரும் ஒரே அறையில் தங்குவார்கள். ஓர் இரவில் பதினைந்து இருபது தடவை இமாமவர்கள் எழுந்து, தீக்கல்லை உரசி விளக்கேற்றி, ஹதீஸ்களில் குறியிட்டுவிட்டுப் படுப்பார்கள். தம்மை எழுப்பியிருக்கலாமே என்று எழுத்தர் கேட்டபோது, நீர் இளைஞர், உமது தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை என்றார்கள். (பிள்ளைகளை விடிய விடியப் படிக்கச் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.) ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிலைக்கும் என்று இன்றைய உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. நமது ஹிப்ழ் மத்ரஸாக்களில் பழைய பாடத்தைத் தினமும் உஸ்தாதிடம் ஓதிக் காட்டச் சொல்வதும் இதுதான்.

அக்காலத்தில் மாணவர்கள் நினைவாற்றலுக்காகப் பலாதுர் என்ற கொட்டையை உட்கொண்டார்கள். நமது வைத்தியத்தில் சேங்கொட்டை என்பது இதுவே. இதன் பால் பட்டாலே தோல் வெந்துவிடும். இமாமவர்களின் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் பலாதுரீக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான். அளவு மீறி அருந்திப் புத்தி பேதலித்து இறந்தவர் அவரே என்போரும் உண்டு, அருந்தியவர் அவருடைய பாட்டனார் என்போரும் உண்டு. புஹாரி இமாமும் ஏதோ மருந்து குடித்தே இந்த ஆற்றலைப் பெற்றார்கள் என்று ஒரு கதை பரவியிருந்தது. எழுத்தர் தனிமையில் கேட்டே விட்டார். அப்படியொரு மருந்தைத் தாம் அறியவில்லை என்ற இமாமவர்கள், சற்றுப் பின் அவர் பக்கம் திரும்பி, கற்கும் வேட்கையையும் இடைவிடாது நூல்களைப் பார்த்து வருவதையும்விட நினைவுக்குப் பயன் தரும் எதையும் தாம் அறியவில்லை என்றார்கள்.

உடலையும் அவர்கள் மறக்கவில்லை. மெலிந்த உடல், குறைந்த உணவு. குதிரையேறி அம்பெய்யப் போவது அவர்களின் வழக்கம். நெடுங்காலத் தோழமையில் இரண்டு தடவை மட்டுமே அவர்களின் அம்பு குறி தவறியதைக் கண்டதாக எழுத்தர் சொல்கிறார். பிரப்ர் என்ற ஊரில் ஒரு நாள் அம்பு பாலத்தின் முளையில் பட்டு அதைப் பிளந்துவிட்டது. உடனே பயிற்சியை நிறுத்திவிட்டு, பாலத்தின் உரிமையாளரிடம் ஆளனுப்பி, நஷ்டஈடு தரவோ புதிய முளை வைக்கவோ அனுமதி கேட்டார்கள். அவர் மன்னித்துவிட்டதாகச் செய்தி வந்ததும் முகம் மலர்ந்து, அன்று ஐந்நூறு ஹதீஸ்களைச் சொல்லிக் கொடுத்து, முந்நூறு திர்ஹம்களைத் தர்மம் செய்தார்கள்.

பதினாறு ஆண்டுகள் உழைத்து ஸஹீஹுல் புஹாரியைத் தொகுத்த அவர்களுக்குக் கடைசிக் காலம் இலகுவாக அமையவில்லை. நிஷாப்பூரை விட்டு வெளியேற நேர்ந்தது. தன் மாளிகைக்கு வந்து பாடம் சொல்லும்படி புஹாராவின் ஆளுநர் கேட்க, அறிவைத் தேடி வர வேண்டியவர் அவரே என்று மறுத்ததால் சொந்த ஊரையும் இழந்தார்கள். ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்ற கிராமத்தில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். ஸமர்கந்து மக்கள் அழைத்தபோது புறப்பட ஆயத்தமாகி, வாகனத்தை நோக்கி இருபது அடியளவு நடந்ததும் பலவீனம் மேலிட, தம்மை விட்டுவிடுமாறு கூறிப் படுத்துக்கொண்டார்கள். ஹிஜ்ரி 256 (கி.பி. 870), நோன்புப் பெருநாள் இரவில் அவர்களின் உயிர் பிரிந்தது. மறுநாள் லுஹருக்குப் பின் அந்தக் கிராமத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.