நீலக் கல்லுக்குப் பெயர் வைத்த தமிழர்: ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி என்றதும் பலருக்கும் நடராஜர் சிலையும் கீழைத்தேயக் கலையும்தான் நினைவுக்கு வரும். அவர் முதலில் ஒரு கனிமவியலாளர். இலங்கை அரசு அவருக்குக் கொடுத்த வேலை, இந்த மண்ணின் கற்களை இனம் பிரித்துப் பதிவு செய்வது. அந்தப் பக்கம் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். தந்தை சட்டசபை உறுப்பினரான சேர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலேயப் பெண். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மகன்கள். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட, தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டன் யுனிவர்சிற்றி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு இலங்கையின் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1903இல் இலங்கைக் கனிமவள அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளரானார். அப்போது வயது 25தான்.

அந்த ஆண்டில்தான் அவரும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிரயரும் ஒரு புதிய நீலக் கனிமத்தை உலகுக்கு அறிவித்தார்கள். கண்டிக்கு அருகே அம்பகோட்டையை அடுத்த கங்கப்பிட்டியவில் கிடைத்தது அது. அரபு வணிகர்கள் இந்தத் தீவை அழைத்த செரண்டிப் என்ற பெயரைக் கொண்டு அதற்குச் செரண்டிபைட் என்று பெயரிட்டார்கள்.

நீலமாக இருப்பதால் அதை நீலக்கல் இனத்தில் சேர்த்துவிட முடியாது. இரத்தினபுரியில் எடுக்கும் நீலக்கல் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது; அதன் கடினத்தன்மை 9. இங்கிலாந்தின் கோர்ன்வால் சுரங்கங்களில் எடுத்த லிரோகொனைட்டும் அழகான வான நீலம்தான். ஆனால் அது ஆசனிக்கும் செம்பும் உள்ள ஆசனேற்று வகை. கடினத்தன்மை 2 முதல் 2.5 வரைதான் என்பதால் நகத்தால் கீறினாலே கோடு விழலாம். செரண்டிபைட்டில் கல்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றுடன் போரனும் இருக்கிறது. அதனால் அது போரோசிலிக்கேற்று. கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. நிறம் நீலப்பச்சை முதல் கடும் நீலம் வரை. சுண்ணாம்புப் பாறையும் வேறு பாறையும் கடும் வெப்பத்தில் சந்திக்கும் இடத்தில், போரனும் வந்து சேர்ந்தால்தான் அது உருவாகும். அதனால்தான் அவ்வளவு அரிது. இன்று அது சஃபிரின் பெருங்குழுவில் வைக்கப்பட்டுள்ளது. மூன்று கற்களும் கண்ணுக்கு நீலம், உள்ளே மூன்று வேறு குடும்பங்கள்.

இன்னொரு கல் அவரையே சோதித்தது. பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் கிடைத்த கனமான கறுப்புப் படிகங்களை 1904இல் அவர் யுரேனினைட் என்று விபரித்தார். லண்டனில் பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. பழைய பெயர் கைவிடப்பட்டது. தோரியனைட் என்ற புதிய பெயர் வந்தது. 1905இல் ஒட்டோ ஹான் லண்டனில் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்ததும் இலங்கையிலிருந்து போன இந்தத் தோரியனைட்டிலிருந்துதான்.

கல் தேடிக் கிராமம் கிராமமாக நடந்த அந்த ஆண்டுகளில்தான், அழிந்துகொண்டிருந்த கைவினைகளையும் அவர் கண்டார். மனைவி எத்தல் அவற்றைப் படம் பிடித்தார். 1906இல் அரச பணி முடிந்தது. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர் சிங்களக் கைவினைஞரின் கலையை அத்தனை அக்கறையுடன் பதிவு செய்தார் என்பதை இன்றைய நிலையில் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குப் போனவர், 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவிலேயே காலமானார்.

மடுல்சீமைக்காரனான எனக்கு அவருடைய கதையில் ஒரு விடயம் உறுத்துகிறது. அவர் கற்களை வகைப்படுத்திய அதே காலத்தில் அரசு மனிதர்களையும் வகைப்படுத்தியது. 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தியவர் அவருடைய மைத்துனர் அருணாசலம். அடுத்த மதிப்பீட்டில், 1911இல், தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். குமாரசுவாமி இறந்த மறு ஆண்டு, 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிரிவின் மேல் நின்று ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் அங்கே யுத்தத்திலும் அகப்பட்டன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதை வாசிக்கும் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கல்லுக்குத் தவறான பெயர் வைத்ததைத் திருத்த மாதங்கள் போதுமாக இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரோ பார்த்தார்கள், பார்த்ததை ஒப்புக்கொண்டார்கள். பரம்பரை பரம்பரையாக இந்த மலைகளில் பிறந்தவர்களுக்கு வைத்த பெயரைத் திருத்தும் சட்டம் வர 2003 வரை, 55 ஆண்டுகள் சென்றன.