சிற்றூர்ப் பொருளியல் அறிஞர் குமரப்பா

புதுவையை அடுத்த வில்லியனூர்ப் பகுதியில் நெல்வயல்கள் சூழ அமைந்த சிற்றூர் பிள்ளையார்குப்பம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய உயிரிக் கிராமத் திட்டத்தில், கீழூர், சிவராந்தகம் ஆகிய ஊர்களோடு இவ்வூரும் இடம்பெற்றது. காளான் வளர்த்தல், கறவை மாடு பேணுதல் போன்ற தொழில்கள், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் ஏழைக் குடும்பங்கள் பிழைக்கும் வழிகளாக அங்குக் கற்பிக்கப்பெற்றன. இக்கருத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே நாடெங்கும் எடுத்துரைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் ஏர் பிடித்த குடியில் தோன்றியவர் அல்லர். இலண்டன் மாநகரில் கணக்குத் தணிக்கை பயின்றவர். அவரே ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியசு என்பது. குமரப்பா என்னும் குடிப்பெயரைப் பின்னரே அவர் மேற்கொண்டார். இலண்டனில் தேர்ச்சி பெற்றுத் திரும்பியபின் பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். உடையிலும் உணவிலும் ஆங்கிலேயரைப் போலவே வாழ்ந்தார். 1927-இல் அமெரிக்கா சென்று, சிரக்கூசு பல்கலைக்கழகத்திலும் பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கொலம்பியாவில் செலிக்மன் என்னும் பொருளியற் பேராசிரியரின் மேற்பார்வையில், ஆங்கில ஆட்சியின் வரவு செலவுகளை ஆராயத் தலைப்பட்டார். இந்தியா ஏழையானது எவ்வாறு என்பதற்கு விடை, ஆட்சியாளர் எழுதிய ஏடுகளிலேயே அவருக்குக் கிடைத்தது. பிறர் பெருமைக்குரியதாகக் கருதிய பட்டம், இவருக்கு நெஞ்சிற் பாய்ந்த முள்ளாயிற்று.

அவ்வாராய்ச்சி நூலைக் காந்தியடிகளிடம் காட்டும் பொருட்டு, 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் சபர்மதிக்குச் சென்றார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே வந்துவிட்டமையால் ஆற்றங்கரைப் பக்கம் உலவினார். அங்கே ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையைக் கண்டறியாத குமரப்பா, கைத்தடியை ஊன்றி நின்றபடியே சிறிது நேரம் அதனை வேடிக்கை பார்த்தார். பொக்கை வாய் மலர அம்முதியவர், வந்திருப்பவர் குமரப்பாவோ என்று வினவியபோதுதான் அவர் யார் என்பது விளங்கிற்று. மடிப்புக் கலையாத பட்டுக் காற்சட்டையைப் பொருட்படுத்தாமல் குமரப்பா அத்தரையிலேயே அமர்ந்தார். அன்று அமர்ந்தவர் மீண்டும் பழைய வாழ்வுக்கு எழவே இல்லை என்று கூறின் அது மிகையாகாது.

காந்தியடிகளின் விருப்பப்படி, குசராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருள்நிலையை மாணவர் துணையுடன் ஆராய்ந்தார். வீடுதோறும் சென்று வரவும் செலவும் கேட்டு எழுதிய அம்முயற்சி அக்காலத்திற் புதுமையானது. பின்னர் அவர் பலமுறை சிறை புகுந்தார்.

1934-ஆம் ஆண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றிற்று. வார்தாவில் உள்ள மகன்வாடி அதன் இருப்பிடம். குமரப்பா அதன் செயலாளர். அவருடைய உள்ளத்தை அங்கே முதலில் ஈர்த்தது ஒரு பிடி அரிசி. ஆலையில் தீட்டிய அரிசி வெண்மையாய் விளங்கும். எளிதில் விலை போகும். ஆயினும் தவிட்டோடு அதன் உயிர்ச்சத்து நீங்கிவிடுகிறது. தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் நரம்பு நோயுற்றதைச் சாவாத் தீவில் ஐக்மன் என்னும் மருத்துவர் முன்னரே கண்டிருந்தார். அதற்காக 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். ஊட்டத்தை மாட்டுக்கும் வெறுஞ்சோற்றைப் பிள்ளைக்கும் வழங்கும் இவ்வாணிகம் எத்தகைய இலாபம் என்பதே குமரப்பாவின் கேள்வி. கைக்குத்தல் அரிசியும் செக்கு எண்ணெயும் பரவ அவர் அயராது உழைத்தார். வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகப் பனைவெல்லத்தைப் போற்றினார். பனை எருவும் பாய்ச்சலும் வேண்டாமல் தரிசில் வளர்வது. ஆகவே கரும்பு கொள்ளும் நன்னிலத்தைத் தானியத்திற்கு விடலாம் என்பது அவர் கணக்கு. சோப்பு ஆலைகளுக்காக மலையாளக் கரையில் நெல்வயல்கள் தென்னந்தோப்புகளாக மாறுவதையும் அவர் கண்டித்தார். குழந்தையின் கலத்திலிருந்த சோறு செல்வர் வீட்டுக் குளியலறைக்குச் செல்வதாக அவருக்குத் தோன்றிற்று. மண்ணெண்ணெய் விளக்குக்கு மாற்றாக, உணவுக்கு உதவாத தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் மகன்வாடியில் உருவாயிற்று.

மண்ணைப் பற்றிய அவர் கருத்து இன்னும் ஆழமானது. செயற்கை உரம் மண்ணுக்கு ஊக்கமருந்து போன்றது. சிலகாலம் துள்ள வைத்துப் பின் தளர வைக்கும் என்று அவர் கருதினார். மாட்டுச் சாணமும் இலைதழையும் மக்கிய குப்பையுமே நிலத்திற்கு உணவு. உழுபொறி உழுமேயன்றிச் சாணம் இடாது என்பதை அவர் இடையறாது நினைவூட்டினார்.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டிச் சபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் தலையாய நூலை எழுதினார். அது 1945-இல் வெளிவந்தது. கொன்று தின்னும் புலி, பிறர் வளர்த்த மரத்துக் கனியைப் பறிக்கும் குரங்கு, பூவுக்கு மகரந்தம் தந்து தேன் கொள்ளும் வண்டு, கூட்டத்திற்காக உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என ஐந்து நிலைகளாக வாழ்முறைகளை அவர் வகுத்தார். மனிதன் எந்த நிலையில் நிற்கிறான் என்பதை அவன் செய்யும் செலவே காட்டிவிடும் என்பது அந்நூலின் உட்கிடை.

விடுதலைக்குப்பின் நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக அமர்ந்தார். ஆயினும் நாடு பேராலைகளின் வழியே சென்றது. அவருடைய முடிவுகள் யாவும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. பெருகிய மக்கட்கு விரைவில் உணவளிக்க உரமும் உதவிற்று என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் உரத்தைத் தொடர்ந்து நஞ்சும் வயலில் இறங்கியது.

மணம் புரியாமலே வாழ்ந்த குமரப்பா, மதுரைப் பக்கத்து தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனக் குடிலில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். ஏழை உழவர் ஒருவரின் படம் அங்கே தொங்கியது. அவர் யார் என்று கேட்டவர்களுக்கு, தம் தலைவர் காந்தியடிகள் என்றும் தலைவருக்கும் தலைவர் அவ்வுழவர் என்றும் விடை கூறுவார். 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னையில் உயிர் நீத்தார்.

ஈராண்டு கழித்து, பூச்சிக்கொல்லிகளின் தீமையை விளக்கி அமெரிக்காவில் இரேச்சல் கார்சன் எழுதிய நூல் வெளிவந்தது. பசுமைப் புரட்சியின் முன்னோடியாகிய சுவாமிநாதனும், நஞ்சுகளைக் கண்மூடித்தனமாகத் தெளித்தல் கேடு தரும் என்று 1968-ஆம் ஆண்டு அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார். வளர்ந்தோரினும் சிறுவர்க்கே இந்நஞ்சு மிகுதியும் ஏறுகிறது. உடல் எடையோடு ஒப்பிட, அவர்கள் உண்ணும் உணவும் பருகும் நீரும் உயிர்க்கும் காற்றும் மிகுதி. தரையில் தவழ்ந்த கையே வாய்க்குச் செல்கிறது. கேரளத்தின் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானூர்தி வழியே எண்டோசல்பான் என்னும் நஞ்சு பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டது. அவ்வூர்களில் உறுப்புக் குறையோடும் நரம்பு நோயோடும் பல குழந்தைகள் பிறந்தமை கண்டு மக்கள் போராடினர். 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சை நாடெங்கும் தடுத்தது. பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2017-இல் கேரள அரசுக்கு ஆணையிட்டது.