எண்கோண முத்திரைக்கு உயிர் தந்த செசில் கிம்பர்

தாம் உருவாக்கிய பொருளுக்குத் தம் பெயரையே சூட்டிக்கொண்ட தொழில்வல்லார் பலர். ஃபோர்டு, பென்ஸ், ராய்ஸ் முதலியோரின் பெயர்கள் இன்றும் வண்டிகளின் முகப்பில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால், தம் சிந்தையில் உருவான வண்டிக்குத் தம் முதலாளியின் கடைப்பெயரைச் சூட்டி, அப்பெயரை உலகறியச் செய்துவிட்டுத் தாம் மறைந்துபோனவர் ஒருவர் உண்டு. அவரே செசில் கிம்பர். 2019ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சாலைகளிலும் எண்கோணச் சட்டத்துள் எம்.ஜி. என்னும் ஈரெழுத்துப் பொறித்த மகிழுந்துகள் ஓடுகின்றன. அம்முத்திரையின் உரிமை இன்று சீன நிறுவனம் ஒன்றிடம் உள்ளது. அவ்வெழுத்துகளின் விரிவு மோரிஸ் கராஜஸ் என்பதையும், அஃது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் வண்டி விற்றும் பழுதுபார்த்தும் வந்த ஒரு கடையின் பெயர் என்பதையும் அறிந்தோர் நம்மிடையே சிலரே.

கிம்பர் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஹென்றி கிம்பர் அச்சுப்பொறித் தொழிலில் ஈடுபட்டவர். குடும்பம் வடக்கே மான்செஸ்டர் பகுதிக்குப் பெயர்ந்தது. தந்தையின் அச்சுமை வணிகத்தில் மகனும் பங்கேற்றார். எனினும் அவர் உள்ளமெல்லாம் மோட்டார் சைக்கிளிலேயே இருந்தது. இளமையில் நேர்ந்த சாலை விபத்தொன்றில் அவரது கால் கடுமையாக நசுங்கியது. நெடுங்காலம் மருத்துவம் பார்த்தும் அக்கால் குட்டையாகவே நின்றுவிட்டது. வாழ்நாள் முழுதும் அவர் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். விபத்துக்கு ஈடாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு அவர் செய்த முதற்செயல் ஒரு சிங்கர் மகிழுந்து வாங்கியதே ஆகும். காலை முறித்த சாலையையே அவர் மீண்டும் நாடினார் என்பது அவர்தம் இயல்பை நமக்குக் காட்டிவிடுகிறது.

அப்பணமே வீட்டில் பிளவுக்கும் வித்தானது. தந்தையின் வணிகம் தளர்ந்திருந்த நேரம் அது. ஈட்டுத்தொகையை வணிகத்தில் இடுமாறு தந்தை கேட்டார், மகன் மறுத்தார். அதன்பின் தந்தை மகனோடு பேசவேயில்லை. யார்பக்கம் நியாயம் என்று இன்று நாம் தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. குடும்பம் தாழ்ந்துகொண்டிருக்கும் காலத்தில் கைப்பொருளைத் தனக்கென வைத்துக்கொண்ட மகனை நம் ஊர்ப் பெரியவர்கள் போற்றமாட்டார்கள். ஆயினும் வாழ்நாள் மௌனம் என்பது அக்குற்றத்திற்கு மிகப்பெரிய தண்டனையே.

1914ஆம் ஆண்டையொட்டி அவர் ஷெஃபீல்டு-சிம்ப்ளெக்ஸ் என்னும் வண்டித் தொழிலகத்தில் சேர்ந்தார். 1915இல் ஐரீன் ஹன்ட் என்னும் நங்கையை மணந்தார். இரு பெண்மக்கள் பிறந்தனர். முதல் உலகப்போர்க் காலத்தில் தொழிலகம் மாறி மாறிப் பணிசெய்து, 1921இல் ஆக்ஸ்ஃபோர்டு வந்து மோரிஸ் கராஜசில் விற்பனை மேலாளராக அமர்ந்தார். அடுத்த ஆண்டே பொது மேலாளராக உயர்ந்தார்.

அதன் உரிமையாளர் வில்லியம் மோரிஸ், மிதிவண்டிப் பழுதுபார்ப்பில் தொடங்கி இங்கிலாந்தின் மிகப்பெரிய மகிழுந்து உற்பத்தியாளராக உயர்ந்தவர். மலிவும் உறுதியும் உள்ள குடும்ப வண்டிகளே அவர் நோக்கம். கிம்பர் அவ்வண்டிகளையே எடுத்து, வில்லைத் தாழ்த்தி, மேற்கூட்டை அழகுற மாற்றி, சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கினார். 1923இல் அத்தகைய வண்டியொன்றைத் தாமே ஓட்டிச் சென்று, இலண்டனிலிருந்து லேண்ட்ஸ் எண்ட் வரையிலான நெடும்பயணப் போட்டியில் தங்கப்பதக்கம் பெற்றார். எம்.ஜி. என்னும் பெயர் அந்நாள்களில்தான் வழங்கலாயிற்று. எண்கோணச் சின்னத்தைக் கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஒருவர் வரைந்தார் என்பர். கணக்கர் கையில் பிறந்த சின்னத்தின் கதையில் பின்னாளில் கணக்கே குறுக்கே வந்து நின்றது.

1925இல் மோரிஸ் அடிச்சட்டத்தை மாற்றியமைத்து, மேல்வால்வு எந்திரம் ஒன்றைப் பொருத்தி, தமக்கென ஒரு போட்டி வண்டியைக் கட்டுவித்தார். அதிலும் லேண்ட்ஸ் எண்ட் போட்டியில் தங்கப்பதக்கம் பெற்றார். பின்னர் அதை நண்பர் ஒருவருக்கு விற்றுவிட்டார். பல்லாண்டு கழித்து நிறுவனமே அதனை 15 பவுனுக்குத் திரும்ப வாங்கி, முதலாம் எண் வண்டி என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைத்தது. அதற்கு முன்பே எம்.ஜி. வண்டிகள் விற்பனையாகி இருந்தமையால் அப்பெயர் உண்மையில் பொருந்தாது. விளம்பரத்திற்கு வரலாறு எப்போதும் சற்று வளைந்துதான் கொடுக்கிறது.

1928ஆம் ஆண்டு ஒலிம்பியா கண்காட்சியில் அவர் வைத்த எம் வகை மிட்ஜெட் என்னும் சிறுவண்டி நிலைமையை மாற்றிற்று. எந்திரம் 847 கன சென்டிமீட்டர். விலை 175 பவுன். விரைவுந்து என்பது செல்வர்தம் விளையாட்டுப் பொருள் என்றிருந்த நிலை மாறி, எழுத்தரும் இளம் ஆசிரியரும் வாங்கும் பொருளாயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்றன. 1929இல் தொழிலகம் ஆபிங்டன் என்னும் சிற்றூருக்கு, பழைய தோல் தொழிற்சாலை ஒன்றின் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. 1930இல் எம்.ஜி. தனி நிறுவனமாகி, கிம்பர் மேலாண்மை இயக்குநரானார். எனினும் நிறுவனம் வில்லியம் மோரிசின் உடைமையாகவே இருந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு; அது பின்னர் விளங்கும்.

1932இல் வெளிவந்த ஜே2 மிட்ஜெட் வண்டியே கிம்பரின் கலையுணர்வு முழுமையாகத் தோன்றிய வண்டி எனலாம். தோள் தாழ்ந்த கதவு, நீண்ட முகப்பு, பின்புறம் செங்குத்தான பெட்ரோல் தொட்டி ஆகிய இந்த உருவமே 1955 வரை எம்.ஜி. வண்டிகளின் அடையாளமாக நின்றது. அதன் எந்திரத்தின் பக்கத்தில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் அமைந்திருந்தன. எந்திரவியல் பயிலாத நம் தமிழ் மாணவர்க்காக இவ்விரட்டையின் நுட்பத்தைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். கார்புரேட்டருக்குக் கலைச்சொல் ஆக்கியோர் உளர்; பட்டறையில் வழங்கும் சொல்லே இங்குப் போதும்.

பெட்ரோலைக் காற்றோடு உரிய அளவில் கலந்து எந்திரத்துக்கு ஊட்டுவதே கார்புரேட்டரின் தொழில். நான்கு சிலிண்டர்களுக்கு நடுவே ஒன்றே இருப்பின், அண்மையில் உள்ளவை நன்கு உண்ணும். கடையில் உள்ளவை குறைவாக உண்ணும். இரண்டு அமைப்பின் ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டர்களை நிறைவாக ஊட்டும். எஸ்.யூ. கார்புரேட்டரைப் படைத்தோர் ஸ்கின்னர் உடன்பிறந்தார். காலணி வணிகக் குடும்பத்தவர். ஆதலின் அவர்தம் முதற்கருவியில் தோலாலான துருத்தியே இருந்தது. பின்னர் அது பித்தான்போல் ஏறியிறங்கும் பிஸ்டனாயிற்று. எந்திரம் மிகுதியாக உறிஞ்சினால் பிஸ்டன் மேலெழும். அதனடியில் தொங்கும் கூம்பிய ஊசி ஜெட் என்னும் துளையிலிருந்து வெளியேறும். துளை அகன்று பெட்ரோல் கூடும். காற்றின் தேவைக்கேற்ப எரிபொருள் தானே அளவிடப்படும் இவ்வமைப்பின் எளிமை வியக்கத்தக்கது. 1926இல் அந்நிறுவனத்தையும் மோரிசே வாங்கியிருந்தார்.

இரண்டு இருப்பதில் ஊக்கம் உண்டு; தொல்லையும் உண்டு. நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகளில் ஒன்று இழுக்க, மற்றொன்று பின்தங்கினால் வண்டி என்னாகும் என்பதை நம் உழவர் அறிவர். ஆகவே இரண்டையும் ஒத்திசைவிக்க வேண்டும். முதலில் வால்வு இடைவெளியும் தீப்பொறி நேரமும் செம்மையாக இருத்தல் வேண்டும். அவை கெட்டிருக்கக் கார்புரேட்டரைத் திருகுவது வீண். எந்திரம் நன்கு சூடேறிய பின், இரண்டையும் இணைக்கும் தண்டின் பிடிப்பைத் தளர்த்தி ஒவ்வொன்றையும் தனித்து இயங்கவிடுவர். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைக் காற்று நுழையும் வாயிலும் வைத்துச் சீறொலியைக் கேட்பர். இரு வாயிலும் ஒலி ஒத்துவரும் வரை திருகைத் திருத்துவர். அடுத்து, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பார்ப்பர். எந்திரம் விரைந்து அவ்விரைவிலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி. அடங்கி நிற்கப்போனால் பெட்ரோல் குறைவு. கணநேரம் விரைந்து பழைய நிலைக்கு மீண்டால் அளவு சரி. அடியிலுள்ள நட்டை மேலேற்றினால் பெட்ரோல் குறையும், கீழிறக்கினால் கூடும். இறுதியில் தளர்த்திய தண்டை மீண்டும் பிணைப்பர். எந்திரத்தை ஒருவர் மாற்றியமைத்து உறிஞ்சும் ஆற்றலைக் கூட்டியிருந்தால், நட்டைத் திருகுவது மட்டும் போதாது. வேறு கூம்பளவுள்ள ஊசியே தேவைப்படும்.

நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எந்திரமும், 1955இல் வந்த எம்.ஜி.ஏ. விரைவுந்தின் எந்திரமும் ஒரே குடும்பத்தவை என்பது பலருக்கு வியப்பளிக்கும். அம்பாசிடருக்கு ஒற்றைக் கார்புரேட்டர், எம்.ஜி.ஏ.வுக்கு இரட்டை. எளிய குடும்ப வண்டியின் எந்திரத்தைக் கொண்டே விரைவுந்து படைக்கும் கிம்பரின் முறைக்கு இதனினும் நம் கண்ணுக்கு அண்மையான சான்று இல்லை.

ஜே2 குறையற்ற வண்டியன்று. இதழொன்றின் ஆய்வுக்கெனத் தனிக்கவனத்துடன் செம்மைப்படுத்தி அனுப்பிய வண்டி மணிக்கு 80 மைலுக்கும் மேல் ஓடிக்காட்டியது. அதை நம்பி வாங்கியோர் அவ்விரைவை முயன்றனர். இரண்டே தாங்கிகளில் சுழன்ற கிராங்க் தண்டு பலருக்கு முறிந்தது. கிம்பரின் புகழ்பாடுவோர் இதனை விரைந்து கடந்துவிடுவதுண்டு.

பந்தயக்களத்திலோ எம்.ஜி. கொடி பறந்தது. 1931 பிப்ரவரியில் ஜார்ஜ் ஐஸ்டன், 750 கன சென்டிமீட்டர் வகுப்பில் மணிக்கு 100 மைலைக் கடந்த முதல் வீரரானார். 1933இல் கே3 மேக்னட் வண்டிகள் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில் குழுப் பரிசை வென்றன. அவ்வாண்டே புகழ்பெற்ற இத்தாலிய வீரர் நுவோலாரி, அல்ஸ்டரில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தைக் கே3 வண்டியில் வென்றார். தொழிலகத்தில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவரும் தச்சரும் வண்ணம் பூசுவோரும் அவ்வெற்றிகளைத் தம் வீட்டு விழாவாகக் கருதினர்.

பந்தயம் புகழைக் கொணர்ந்தது, பணத்தை விழுங்கியது. வண்டி வகைகளும் அளவின்றிப் பெருகின. 1935இல் மோரிஸ் எம்.ஜி.யைத் தம் பெருநிறுவனமான மோரிஸ் மோட்டார்சுக்கு விற்றார். அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த லியனார்டு லார்டு பந்தயப் பிரிவை உடனே மூடினார். வடிவமைப்புப் பணியும் ஆபிங்டனிலிருந்து கௌலிக்குப் போயிற்று. நான்கு சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் ஆர் வகைப் பந்தய வண்டி, பத்து மட்டுமே கட்டப்பட்ட நிலையில் நின்றது. கிம்பர் பதவியில் இருந்தார், அதிகாரத்தில் இல்லை. வணிகக் கணக்கின்படி லார்டின் முடிவு தவறென்று கூற இயலாது. 1936இல் வந்த டி.ஏ. மிட்ஜெட், குடும்ப வண்டியின் எளிய எந்திரத்தோடும் இரட்டைக் கார்புரேட்டரோடும் நன்றாகவே விற்றது என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆனால், தாம் செதுக்கிய தொழிலகத்தின் ஒரு பங்கும் தம்மிடம் இல்லாத ஒருவருக்கு, அம்முடிவை எதிர்க்க எந்தப் பிடியும் இல்லாமற்போயிற்று.

நெடுங்காலம் நோயுற்றிருந்த மனைவி ஐரீன் 1938இல் மறைந்தார். அவ்வாண்டே கிம்பர் மறுமணம் செய்துகொண்டார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் ஆபிங்டனில் வண்டி உற்பத்தி நின்றது. தொழிலாளர் கைகள் வேலைக்கு ஏங்கின. கிம்பர் தாமே முயன்று, ஆல்பமார்ல் என்னும் குண்டுவீச்சு விமானத்தின் முன்பகுதியைக் கட்டும் பணியைப் பெற்றார். தலைமையிடத்தின் ஒப்புதலைப் பெறாமல் பெற்றார் என்பதே அவர்மீது விழுந்த குற்றம். 1941 நவம்பரில் நிறுவனத் துணைத்தலைவர் மைல்ஸ் தாமஸ் அவரைப் பதவி விலகச் சொன்னார். இருபதாண்டு உழைப்பு அன்றோடு முடிந்தது. நாட்டுக்குத் தேவையான வேலையை நாட்டு நெருக்கடியில் பெற்றுத் தந்தது குற்றமெனில், குற்றம் வேலையில் இல்லை, கேட்காமற்செய்ததில்தான் இருந்திருக்கவேண்டும். இச்செய்தியில் என் மனம் கிம்பர் பக்கமே சாய்கிறது. அதன்பின் சார்ல்ஸ்வொர்த் என்னும் தொழிலகத்திலும், பிஸ்டன் செய்யும் ஸ்பெஷலாய்டு நிறுவனத்திலும் பணிபுரிந்தார்.

1945 பிப்ரவரி 4, ஞாயிறு மாலை. தொழில் நிமித்தம் பீட்டர்பரோ செல்வதற்காக இலண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஆறுமணி வண்டியின் கடைசிப் பெட்டியில் அவர் அமர்ந்தார். பதினேழு பெட்டிகளை இழுத்த நீராவி எந்திரம், நிலையத்தை அடுத்த சுரங்கப்பாதையின் ஏற்றத்தில், புதிதாக இட்ட தண்டவாளத்தின்மீது சக்கரம் வழுக்கித் திணறியது. வண்டி இருளில் பின்னோக்கி உருண்டதை ஓட்டுநர் உணரவில்லை. மோதலைத் தவிர்க்க எண்ணிய சைகையாளர் பாதையை மாற்ற முனைந்தார். கடைசிப் பெட்டி தடம்புரண்டு சைகைத் தூணில் மோதியது. இருவர் இறந்தனர். ஒருவர் செசில் கிம்பர். அகவை 56. வேகத்தையே தொழிலாகக் கொண்டவரின் உயிர், நடைவேகத்தில் பின்வாங்கிய ஒரு தொடர்வண்டியில் பிரிந்தது.

போர் முடிந்த அவ்வாண்டு அக்டோபரில் ஆபிங்டனிலிருந்து டி.சி. மிட்ஜெட் வெளிவந்தது. 1250 கன சென்டிமீட்டர் எந்திரம், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், கிம்பர் காலத்து அதே உருவம். ஏறத்தாழ 10,000 வண்டிகள் கட்டப்பெற்றன. அமெரிக்கப் படைவீரரும் மாணவரும் அதை விரும்பி வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து இரு வாய்களின் சீறலையும் ஒப்பிட்டுத் திருகும் பழக்கம் அவ்வண்டிகளோடு கடல்கடந்தது; இன்றும் பழைய எம்.ஜி. வண்டிகளைப் போற்றுவோர் அவ்வாறே செய்துவருகின்றனர். ஆபிங்டன் தொழிலகம் 1980 அக்டோபரில் மூடப்பட்டது.