நண்டுக்குப் பெயர் வைத்த பேராசிரியர்

மெரினா மணலில் கிடக்கும் சங்கு சில சமயம் தானாக நடக்கும். குழந்தைகள் கை தட்டிச் சிரிக்கும். உள்ளே இருப்பது சந்நியாசி நண்டு! அதன் பின்பாகம் மிகவும் மென்மையானது. ஆகவே, செத்துப்போன நத்தையின் கூட்டுக்குள் புகுந்து கொள்ளும். உடம்பு வளர்ந்தால், பெரிய கூடாகத் தேடிக் குடி மாறும். வாடகை கிடையாது!

இந்த நண்டுகளை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர், டாக்டர் ஹெண்டர்சன்.

அவர் 1863-ம் ஆண்டு பிறந்தார். ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில் வைத்தியம் படித்தார். ஆனால் மனம் சென்றது கடல் பிராணிகள் மீது. சென்னைக்கு வந்து, கிறிஸ்தவ கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

இப்போது தாம்பரத்தில் இருக்கிறதே, அதே கல்லூரிதான். அது தாம்பரத்துக்கு வந்தது 1937-ல். ஹெண்டர்சன் காலத்தில் ஐகோர்ட்டுக்கு எதிரே இருந்தது. கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். நண்டு ஆராய்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

சென்னை மியூசியத்தின் தலைவர் தர்ஸ்டன், ராமேசுவரம் பக்கத்தில் சேகரித்த நண்டுகளை இவருக்குக் கொடுத்தார். 1893-ல் இந்திய நண்டுகள் பற்றிப் பெரிய கட்டுரை வெளியிட்டார் ஹெண்டர்சன். அதுவரை பெயர் இல்லாத பல நண்டுகளுக்குப் பெயர் சூட்டினார். சந்நியாசி நண்டுகளும் அவற்றில் உண்டு.

உயிருள்ள மணல்

நண்டுக்குப் பெயர் வைத்து என்ன லாபம் என்று கேட்கலாம். கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு அது தெரியும்.

கடலில் அழுக்கை அலை அடித்துப் போகும். தொட்டியில் அலை ஏது? மீனின் கழிவில் இருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. மணலில் வாழும் கிருமிகள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நாலைந்து அங்குல ஆழத்தில் காற்றுப் புகாது. அங்கே வேறு கிருமிகள், நைட்ரேட்டை வெறும் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. இவை நல்ல கிருமிகள்!

மேலே சிதறிய இரையைத் தின்று, மணலைக் கிளறி விடுவது சந்நியாசி நண்டு, நத்தை, புழுக்களின் வேலை. சிலர் சுத்தம் என்று நினைத்து மணல் முழுவதையும் குழாய்த் தண்ணீரில் அலசுகிறார்கள். கிருமிகள் செத்துவிடும். பிறகு மீன்களும் சாகும். அடி மணலை ஒரேயடியாகக் கிளறுவதும் ஆபத்து. அழுகிய முட்டை நாற்றம் உள்ள விஷ வாயு கிளம்பும்.

மீன் காட்சி சாலை

1909-ல் மெரினாவில் கடல் மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அது மியூசியத்தின் பொறுப்பில் இருந்தது. தர்ஸ்டனுக்குப் பிறகு மியூசியத்தின் தலைவராக வந்தவர் ஹெண்டர்சன். புத்தகத்தில் எழுதியவற்றை உயிரோடு ஜனங்களுக்குக் காட்டும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

1925-ல் ஹெண்டர்சன் காலமானார். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவானோ என்ற பயத்தில் காட்சி சாலையை மூடிவிட்டார்கள். அவர் வைத்த நண்டுப் பெயர்கள் மட்டும் இன்றும் வழக்கில் உள்ளன.