எவர்சில்வர் தந்த ஏழை மகன்

நம்ம வீட்டு எவர்சில்வர் தட்டுக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் மகன் இருக்கிறார். ஹாரி பிரியர்லி 1871-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தார். 12 வயதில் பள்ளியை விட்டு உருக்காலைக்குப் போனார். ஆய்வுக்கூடத்தில் புட்டி கழுவினார். இரவு வகுப்பில் படித்தே உயர்ந்தார். 1913-ல் துப்பாக்கிக் குழல் அரிப்பை ஆராய்ந்தபோது, 12.8 சதவீத குரோமியம் கலந்த உருக்கு அமிலத்துக்கும் அசையாததைக் கண்டார். உரிமைத் தகராறில் கம்பெனியை விட்டு விலகினார், 1948-ல் மறைந்தார்.

ஆம்பூர் டேனரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. உப்பிட்ட தோல் ஊறுகிற தொட்டி ஓரம் 304 கிரேடு கைப்பிடிக் கம்பி போட்டால், உப்பு அதைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 கூடுதல் காலம் தாங்கும். விலை கூடத்தான்! ஆனால், அந்தக் கம்பியை நம்பித்தானே ஒரு தொழிலாளி வழுக்குப் படியில் இறங்குகிறார்? எஸ்டிமேட் போடும்போது இதை மறக்காதீங்க.