செடி ஏன் லைட் பக்கம் சாயுது? செடியின் அசைவை அளந்த ஜெகதீஷ் சந்திர போஸ்!

புதுச்சேரி ஃபிளாட்ல ஜன்னல் வெளிச்சம் பத்தலைன்னு 'குரோ லைட்' மாட்டியிருக்கீங்களா? ஒரே பக்கமா லைட் அடிச்சா, சில நாள்ல செடி அந்தப் பக்கமே சாஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாத இப்படிப்பட்ட அசைவுகளை அளந்து காட்டியவர் ஜெகதீஷ் சந்திர போஸ்.

யார் இவர்?
1858-ல் வங்காளத்தின் மைமன்சிங்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியர்களைவிடக் குறைந்த சம்பளம் என்றதும், 3 ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம்தான் இறங்கி வந்தது.

என்ன சாதித்தார்?
ரேடியோ அலை ஆய்விலிருந்து செடிகள் பக்கம் திரும்பினார். வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 'கிரெஸ்கோகிராஃப்' கருவியை உருவாக்கினார். ஒளி பட்டால் வளர்ச்சி வேகம் எப்படி மாறுது என்பதையும் பதிவு செய்தார். மேற்கத்திய விஞ்ஞானிகள் பலர் சந்தேகப்பட்டாங்க. ஆனாலும் 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937-ல் காலமானார்.

சாய்வதற்கு என்ன காரணம்?
இதற்கான விடை போஸிடமிருந்து அல்ல, 1920-களில் ஐரோப்பிய ஆய்வுகளிலிருந்து வந்தது. 'ஆக்சின்' என்ற ஹார்மோன் நிழல் பக்கம் அதிகம் சேருது. அந்தப் பக்க செல்கள் கூடுதலா நீளுது. தண்டு லைட்டை நோக்கி வளையுது.

அதனால பயப்பட வேண்டாம், இது நோய் இல்லை. லைட்டை செடிக்கு நேர் மேலே மாட்டுங்க. முடியலைன்னா தொட்டியை அப்பப்போ திருப்பி வைங்க.